பதில் சொல்ல ஆள் வைத்துவிட்டுக் கணக்கைத் திறங்கள்

கேள்வி இதுதான்: ஓர் அரசுத் துறையோ உள்ளாட்சி நிர்வாகமோ சமூக ஊடகம், புகார்ச் செயலி, இணையவழிக் கருத்துக் கேட்பு ஆகியவற்றின் வழியாக மக்களிடம் பேச விரும்புகிறது. எங்கிருந்து தொடங்குவது? எங்கே சிக்கும்?

எந்தத் தளம், எந்தச் செயலி என்பதைக் கடைசியில் முடிவு செய்தால் போதும். வருகிற கேள்வி எந்த மேசைக்குப் போகும், அங்கே பதில் எழுதுபவர் யார், எத்தனை நாளில் எழுதுவார், பதில் தவறாகிவிட்டால் யார் பொறுப்பு? இந்த நான்குக்கும் பதவிப் பெயரோடு விடை எழுதிய ஒரு தாள் முதலில் வேண்டும். அது இல்லாமல் கணக்குத் திறப்பது, தண்ணீர்க் குழாய் பதிக்காத தெருவில் குழாய்த் திருகு மட்டும் மாட்டி வைப்பதுதான். பெரும்பாலான அலுவலகங்கள் திருகில்தான் தொடங்குகின்றன. அழகான முகப்புப் படம், தொடக்க விழா, முதல் வாரத்தில் 40 பதிவுகள். மூன்றாம் மாதம் பார்த்தால் வாழ்த்துச் செய்திகளும் ரிப்பன் வெட்டும் படங்களும் மட்டும் இருக்கும். கீழே பதில் கிடைக்காத நூறு கமெண்டுகள் கிடக்கும்.

இது ஒரு துறையின் சோம்பலால் மட்டும் வருவதல்ல. இனெஸ் மெர்கல், ஸ்டூவர்ட் பிரெட்ஷ்நைடர் என்ற இரு ஆய்வாளர்கள் அரசு அமைப்புகள் சமூக ஊடகத்தை மூன்று கட்டங்களில் ஏற்கின்றன என்று 2013-இல் எழுதினார்கள். முதலில் ஆர்வமுள்ள ஒருவர், விதிமுறை ஏதும் இல்லாமல், தானாகவே ஒரு கணக்கைத் தொடங்குவார். அதைப் பார்த்துப் பிற பிரிவுகளும் ஆளுக்கொன்று தொடங்கும். ஒரே விஷயத்துக்கு மூன்று பிரிவுகள் மூன்று பதில் சொல்லும். மேலிடம் விழித்துக்கொண்டு ஒழுங்குபடுத்தப் பார்க்கும். மூன்றாவது கட்டத்தில்தான் எழுதப்பட்ட நெறிமுறை, ஒதுக்கப்பட்ட ஆட்கள், நிதி எல்லாம் வரும். நடைமுறையில் பல அலுவலகங்கள் இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. அந்த ஆர்வக்காரர் இடமாற்றலில் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. அலுவலகத்தின் பெயரில் ஏற்கெனவே எத்தனை பக்கங்கள், எத்தனை குழுக்கள், யாருடைய சொந்த எண்ணில், யாருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். தேவையற்றதை மூடுங்கள். வைத்துக்கொள்வதைத் தனிநபர் பெயரிலிருந்து பிரித்துப் பதவிக்குரிய அலுவலக மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். எஞ்சிய அதிகாரப்பூர்வக் கணக்குகளின் பட்டியலை அலுவலக இணையதளத்தில் போடுங்கள். போலிக் கணக்கு எது என்று மக்கள் சரிபார்க்க வேறு வழி கிடையாது.

அடுத்தது ஆள் கணக்கு. ஒரு நாளைக்கு 60 செய்திகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைப் படித்து, புரிந்துகொண்டு, உரிய பிரிவிடம் கேட்டு, பதில் தட்டச்சு செய்ய ஆறு நிமிடம் என்றாலும் 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். ஒரு முழு ஆளின் வேலை நாள் அதிலேயே போய்விட்டது. விடுப்பு, விடுமுறை நாள், மழைக்காலத்தில் பத்து மடங்கு பெருகும் செய்திகள் எதையும் இதில் சேர்க்கவில்லை. 'இருக்கிற வேலையோடு இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு எழுத்தரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். இரண்டு ஆள்தான் உண்டென்றால் ஒரே ஒரு தளத்தில் இருங்கள். பதில் சொல்லும் நேரம் எது என்பதைக் கணக்கின் முகப்பிலேயே எழுதுங்கள். அவசர உதவிக்கு இது இடமல்ல, இந்த எண்ணை அழையுங்கள் என்ற வரியும் அங்கேயே இருக்க வேண்டும்.

வரும் செய்திகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். நேரம், கட்டணம், படிவம் போன்றவை முதல் வகை. ஆயத்தப் பதில்களின் கோப்பு ஒன்று இருந்தால் உடனே முடிந்துவிடும். எழுத வேண்டியது ஐம்பது பதில்தான். ஆனால் மாதம் ஒரு முறை யாராவது அதைத் திருத்த வேண்டும். போன ஆண்டுக் கட்டணத்தை அரசுக் கணக்கே சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல். ஒரு பிரிவின் களப்பணி தேவைப்படுபவை இரண்டாம் வகை. புகார் எண் கொடுத்து அனுப்ப வேண்டும். நீதிமன்ற வழக்கு, தனிநபர் விவரம், ஊழல் குற்றச்சாட்டு ஆகியவை மூன்றாம் வகை. இவற்றுக்குப் பொதுவெளியில் பதில் எழுதும் அதிகாரம் கணக்கை நடத்துபவருக்கு இருக்கக் கூடாது.

இரண்டாம் வகையில்தான் திட்டங்கள் கவிழ்கின்றன. பிரிட்டனில் 2007-இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளம் முதலில் தீர்த்தது அனுப்பும் சிக்கலைத்தான். புகார் தருபவர் வரைபடத்தில் இடத்தைத் தொட்டு வகையைச் சொன்னால் போதும். அந்த இடத்துக்கும் வகைக்கும் பொறுப்பான உள்ளாட்சி எது என்று தளமே கண்டுபிடித்து அனுப்பும். எந்தச் சாலை யாருடையது என்பது மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்ற எளிய எண்ணம் அது. இதைச் செய்ய அலுவலகத்துக்குள் எல்லை வரைபடமும் பொறுப்புப் பட்டியலும் சரியாக இருக்க வேண்டும். பல இடங்களில் இல்லாதது அதுதான். அதனால் புகார் 'எங்கள் பிரிவைச் சார்ந்ததல்ல' என்று மூன்று மேசை சுற்றிவிட்டு மூடப்படும்.

மூடப்படுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புகார்ச் செயலி வைத்த எந்த நிர்வாகமும் 'சராசரியாக எத்தனை நாளில் முடித்தோம்' என்று அளக்கத் தொடங்கும். அளக்கத் தொடங்கிய மறுவாரமே ஊழியர்கள் அந்த எண்ணைக் குறைக்கக் கற்றுக்கொள்வார்கள். குழி அப்படியே இருக்கும். திரையில் 'தீர்வு காணப்பட்டது' என்று வரும். அல்லது 'ஒப்பந்தக்காரருக்கு அனுப்பப்பட்டது' என்பதையே தீர்வாகக் கணக்கில் எழுதுவார்கள். இதனால் நேரும் கேடு, புகார்ச் செயலியே இல்லாததைவிடப் பெரிது. முன்பு 'கவனிக்கவில்லை' என்று நினைத்த மக்கள் இப்போது 'பொய் சொல்கிறார்கள்' என்று நினைப்பார்கள். தடுக்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. வேலை முடிந்த படம் இடக்குறிப்போடு ஏறாமல் மூட முடியாதபடி செயலியை அமைப்பது ஒன்று. புகார் தந்தவருக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்து, ஒரே தொடுதலில் மீண்டும் திறக்க விடுவது இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியமானது: மேலதிகாரியின் மாதாந்திரக் கூட்டத்தில் மூடிய எண்ணிக்கையைக் கேட்காமல், மீண்டும் திறக்கப்பட்டவற்றின் விகிதத்தைக் கேட்பது.

பேரிடர் நேரத்தில் வேறொரு தடை தெரியவரும்: ஒப்புதல் சங்கிலி. பதிவை ஒருவர் எழுத, ஒருவர் திருத்த, ஒருவர் கையெழுத்திட, அதற்குள் வதந்தி ஊர் சுற்றிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காவல்துறை 2010-இல் சோதனையாகச் சமூக ஊடகத்தைத் தொடங்கியிருந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தின்போது அதன் ஃபேஸ்புக் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் இரண்டே வாரத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள். அங்கே வழக்கமான ஒப்புதல் முறையை ஒதுக்கி வைத்து, ஊடகப் பிரிவு ஊழியர்களே நேரடியாகச் செய்தி போடலாம் என்று விட்டார்கள். வதந்திகளை 'மித்பஸ்டர்' (கட்டுக்கதையை உடைப்பவர்) என்ற ஹேஷ்டேக்கில் ஒவ்வொன்றாக மறுத்தார்கள். வெள்ளத்துக்கு எட்டு மாதம் முன்பே கணக்கு இருந்தது, ஊழியர்களுக்குப் பழக்கம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. வெள்ளம் வந்த அன்று திறக்கும் கணக்கை யாரும் பார்க்கப் போவதில்லை.

நேர்மாறான உதாரணம் ஹவாய். 2018 ஜனவரி 13 காலை 8.07-க்கு ஏவுகணை வருகிறது என்ற தவறான எச்சரிக்கை எல்லாக் கைபேசிகளுக்கும் போனது. அது தவறு என்று ஆளுநர் டேவிட் இகேவுக்கு 8.09-க்கே தெரிந்துவிட்டது. அவர் ட்விட்டரில் போட்டது 8.24-க்கு. கணக்கின் கடவுச்சொல் தனக்குத் தெரியாது என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். கைபேசிகளுக்குத் திருத்தச் செய்தி போய்ச் சேர 38 நிமிடமானது. காரணம், தவறான எச்சரிக்கையை ரத்து செய்யும் செய்தி எதுவும் ஆயத்தமாக இல்லை. அதனால் எச்சரிக்கை வார்ப்புகளை, அதாவது ஆயத்தச் செய்திகளை, எழுதும்போதே 'முந்தைய செய்தி தவறு' என்ற வார்ப்பையும் எழுதி வையுங்கள். இரவுப் பணியில் யாரிடம் சாவி இருக்கிறது என்பதையும் ஆண்டுக்கு இரு முறை ஒத்திகை பார்த்துச் சோதியுங்கள்.

சாவியைப் பற்றிய பேச்சு வந்ததால் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) கணக்கு 2024 ஜனவரி 9 அன்று பிறர் கைக்குப் போய், பிட்காயின் நிதிகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகப் பொய்ப் பதிவு வந்தது, சந்தை ஆடியது. கணக்கோடு இணைத்திருந்த கைபேசி எண்ணை மோசடியாக வேறு சிம்முக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உள்நுழைவதில் சிரமம் என்று ஊழியர்கள் கேட்டதால் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) 2023 ஜூலையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அதைத் திரும்ப இயக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறருக்கு இணையப் பாதுகாப்பு விதி வகுக்கும் அமைப்புக்கே இந்தக் கதி. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை நம்பாதீர்கள். சரிபார்ப்புச் செயலி அல்லது வன்பொருள் சாவி (கணினியில் செருகும் சிறு கருவி) வையுங்கள். ஒரே கடவுச்சொல்லைப் பத்துப் பேர் பகிர்வதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதி கொடுங்கள். இடமாற்றல் ஆணையில் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியல் இருக்குமே, அதில் கணக்கு அனுமதியை நீக்கும் வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து கமெண்டுகளுக்குள் இருக்கிறது. ஒருவர் தன் அடையாள எண்ணையும் கைபேசி எண்ணையும் பொதுவில் எழுதிப் புகார் செய்வார். அடுத்த ஐந்து நிமிடத்தில் உங்கள் அலுவலகச் சின்னத்தையே படமாக வைத்த போலிக் கணக்கு அவரை அழைத்து 'சரிசெய்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்' என்று கேட்கும். தனிப்பட்ட விவரம் உள்ள கமெண்டை உடனே மறைத்து, பாதுகாப்பான படிவத்தின் இணைப்பைத் தர வேண்டும். ஓடிபியோ பணமோ ஒருபோதும் கேட்க மாட்டோம் என்பதை மேலே நிலையாகப் பொருத்தி வைக்க வேண்டும்.

திட்டும் கமெண்டை என்ன செய்வது? அழிக்கலாமா, ஆளை பிளாக் செய்யலாமா? சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒருவரை பிளாக் செய்த போர்ட் ஹியூரான் நகர மேலாளரின் வழக்கில் ஓர் அளவுகோல் வைத்தது: அரசின் சார்பில் பேச அந்த அதிகாரிக்கு உண்மையில் அதிகாரம் இருந்ததா, அந்தப் பதிவில் அதைப் பயன்படுத்துவதாகக் காட்டிக்கொண்டாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது அரசின் செயல். பேச்சுரிமை விதிகள் பொருந்தும். சொந்தப் படங்களும் அலுவலக அறிவிப்புகளும் கலந்த பக்கத்தில் ஒருவரை பிளாக் செய்தால் சிக்கல் பெரிதாகும் என்றும் நீதிமன்றம் சுட்டியது; பிளாக் என்பது ஒரு பதிவை மட்டுமல்ல, பக்கம் முழுவதையும் அடைக்கிறது. அந்நாட்டின் உச்ச அமைப்பான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமோ 2021-இல் வேறு திசையில் எச்சரித்தது: பிறர் எழுதும் அவதூறுக் கமெண்டுக்கு அந்தப் பக்கத்தை நடத்துபவரும் வெளியீட்டாளராகவே கருதப்படலாம். நடுவழி ஒன்று உண்டு. எதை நீக்குவோம் என்பதை முன்கூட்டியே எழுதி வெளியிடுவது. ஆபாசம், மிரட்டல், தனிநபர் விவரம், விளம்பரம் என்று குறுகிய பட்டியலாக வைப்பது. நீக்குமுன் ஸ்கிரீன்ஷாட், காரணம், நேரம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுவது. 'அரசை விமர்சித்தல்' அந்தப் பட்டியலில் எந்தப் பெயரிலும் நுழையக் கூடாது.

இதுவரை சொன்னது சேவையும் செய்தியும். முடிவெடுப்பதில் மக்களைச் சேர்ப்பது வேறு கலை. அதற்கு ஃபேஸ்புக் கமெண்டுப் பெட்டி பயன்படாது. யார் அதிகம் கோபப்படுகிறாரோ அவரை மேலே தூக்கிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட பெட்டி அது. தைவானில் 2015-இல் ஊபர் போன்ற வாடகைக் கார்ச் சேவைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று விவாதித்தபோது போலிஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், காவல்துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருவர் ஒரு கருத்தை எழுதலாம். மற்றவர்கள் அதை ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்து போகிறேன் என்று மட்டுமே சொல்ல முடியும். பதிலுக்குப் பதில் எழுத வழியே இல்லை. ஒரே மாதிரி வாக்களிப்பவர்களை மென்பொருள் குழுக்களாகக் காட்டும். எதிரெதிர்க் குழுக்கள் இரண்டும் ஏற்கும் கருத்துகளைத் தனியே எடுத்துத் தரும். சண்டைக்குள் மறைந்திருந்த உடன்பாடுகள் அப்படித்தான் மேலே வந்தன.

கேட்பதற்குமுன் 'இதில் எது இன்னும் முடிவாகவில்லை' என்று எழுதுங்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றால் கருத்துக் கேட்பு நடத்தாதீர்கள், அறிவிப்பு வெளியிடுங்கள். பிரிட்டனில் 2016-இல் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டார்கள். 'போட்டி மெக்போட்ஃபேஸ்' (Boaty McBoatface) என்ற வேடிக்கைப் பெயர் 1,24,109 வாக்குகளோடு முதலிடம் பெற்றது. கப்பலுக்கோ சர் டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தார்கள். வென்ற பெயர் ஒரு சிறு நீர்மூழ்கிக் கருவிக்குப் போனது. இறுதி முடிவு எங்களுடையது என்பதைப் பெரிய எழுத்தில் முதலிலேயே போட்டிருந்தால் சிரிப்பு பாதியாகியிருக்கும். ஐஸ்லாந்தில் நடந்தது சிரிக்கும் விஷயமல்ல. 2011-இல் 25 பேர் கொண்ட மன்றம் புதிய அரசியலமைப்பின் வரைவைப் பகுதி பகுதியாக இணையத்தில் போட்டு, ஃபேஸ்புக் உட்பட எல்லா வழியிலும் கருத்து வாங்கியது. 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதை ஆதரித்தார்கள். அந்த வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்துவதல்ல. வரைவு சட்டமாகாமலே நின்றுபோனது. தொழில்நுட்பத்தில் எந்தக் குறையும் இல்லை. மறுமுனையில் யார் எதற்குக் கட்டுப்பட்டவர் என்ற இணைப்புதான் இல்லாமல் போனது.

இணையவழி மனுக்களில் அந்த இணைப்பை எண்ணால் கட்டலாம். பிரிட்டன் நாடாளுமன்ற மனுத் தளத்தில் 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில், 1,00,000-க்கு விவாதம் குறித்துப் பரிசீலனை. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளம் 2011-இல் 5,000 என்று தொடங்கி, சில வாரங்களில் 25,000-ஆகவும் 2013 ஜனவரியில் 1,00,000-ஆகவும் உயர்த்தியது. எல்லை தாழ்ந்திருந்தால் வேடிக்கை மனுக்கள் குவியும். சினிமாவில் வரும் 'டெத் ஸ்டார்' விண்கோளை அரசே கட்ட வேண்டும் என்ற மனுவுக்குக்கூட அங்கே பதில் எழுத வேண்டி வந்தது. எல்லை உயர்ந்திருந்தால் ஒன்றுமே தேறாது. மாட்ரிட் நகரம் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 2 சதவீத ஆதரவு கேட்டு, பிறகு 1 சதவீதமாக இறக்கியது. அப்படியும் வாக்கெடுப்புவரை வந்தவை ஒரு கை விரலுக்குள்தான்.

எண்ணிக்கையை நம்பினால் போலியும் வரும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2017-இல் இணையச் சமநிலை (இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது) பற்றிக் கருத்துக் கேட்டபோது இரண்டு கோடிக்கும் மேல் வந்தது. அதில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021-இல் அறிவித்தது. இணையச் சேவைத் துறையின் பணத்தில் நடந்த பிரச்சாரம் மட்டும் 85 லட்சம்; ஒரே ஒரு 19 வயது மாணவர் மென்பொருளை ஓடவிட்டு அனுப்பியது 77 லட்சம். மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்வது குறைந்தபட்சக் காப்பு. மக்கள் வாக்கின்படி நிதி ஒதுக்கும் அளவுக்குப் போனால் வசிப்பிடச் சரிபார்ப்பு தேவை. வெறும் கருத்துக் கேட்பில் அவ்வளவு கடுமை வேண்டாம். அடையாளம் கேட்கக் கேட்க, பயந்து ஒதுங்குபவர்கள்தான் கூடுவார்கள். அங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டு வாதங்களைத் தொகுங்கள்: புதிய வாதம் ஒன்று, பத்தாயிரம் நகலைவிட உதவும்.

யார் வரவில்லை என்பதையும் எண்ண வேண்டும். பாஸ்டன் நகரம் கார் குலுங்குவதைக் கைபேசியே உணர்ந்து குழிகளைப் பதிவு செய்யும் 'ஸ்ட்ரீட் பம்ப்' செயலியை வெளியிட்டபோது எழுந்த கவலை இதுதான்: ஸ்மார்ட்போனும் காரும் உள்ள பகுதிகளின் குழிகளே அதிகம் பதிவாகும். செயலியில் வரும் புகாரை வட்டம் வாரியாக மக்கள்தொகையோடு வகுத்துப் பாருங்கள். அமைதியாக இருக்கும் வட்டம் நன்றாக இருக்கும் வட்டமென்று பொருளல்ல. அங்கே தொலைபேசி வழியும் நேரில் போகும் ஆளும் வேண்டும். எழுத்தைப் படத்துக்குள் மட்டும் வைத்து அறிவிப்பு போடுவதையும் நிறுத்த வேண்டும். பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுக் காகிதம். செய்தி முழுவதும் எழுத்தாகப் பதிவிலேயே இருக்கட்டும்.

உரையாடும் பாட் (கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் மென்பொருள்) வைக்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நியூயார்க் நகர நிர்வாகம் 2023 அக்டோபரில் வணிகர்களுக்காக ஒன்றை வைத்தது. ஊழியர்களின் டிப்ஸில் முதலாளி பங்கெடுக்கலாம் என்பதுபோலச் சட்டத்துக்கு எதிரான அறிவுரைகளை அது தருவது அடுத்த மார்ச்சில் வெளிவந்தது. ஆயத்தப் பதில் கோப்பையே ஒழுங்காகப் பராமரிக்க முடியாத அலுவலகம் பாட்டைத் தொட வேண்டாம்.

கடைசியாக, தளம் உங்களுடையதல்ல. ட்விட்டர் 2023-இல் தானியங்கிப் பதிவுகளுக்கான இணைப்புக்குக் கட்டணம் விதித்தபோது நியூயார்க் போக்குவரத்து ஆணையம் ஏப்ரலில் தன் சேவை எச்சரிக்கைகளை அங்கே நிறுத்திவிட்டது. பொதுச் சேவைக் கணக்குகளுக்குக் கட்டணமில்லை என்று மே மாதம் அந்த நிறுவனம் இறங்கி வந்தது. எல்லா அறிவிப்பும் முதலில் சொந்த இணையதளத்தில், நிலையான முகவரியில் ஏற வேண்டும். சமூக ஊடகத்தில் போவது அதன் நகல். பதிவுகளும் பதில்களும் அரசு ஆவணங்கள்தான். மாதம் ஒரு முறை தரவிறக்கி, தேதி வாரியாகக் கோப்பில் சேர்த்து வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் 'உங்கள் கணக்கில் இப்படித்தான் சொன்னீர்கள்' என்று ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து நிற்கும்போது, அது உண்மையா என்று பார்க்க உங்களிடம் ஒரு பிரதி இருக்க வேண்டும்.